இன்னொரு பட்டியலுக்காகக் காத்திருக்கிறோம்

மூன்று வாரமாக எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் ஒரே கேள்விதான். "லிஸ்ட்டு வந்துருச்சுங்களாக்கா?" படிக்க வரும் பிள்ளைகள் மட்டும் கேட்கவில்லை. மில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள். சூலூர் பக்கத்தில் ஓர் அருந்ததியர் தெரு அது. விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் தலைக்கு மேலே போகும்போது வகுப்பில் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கிய பிறகு தொடர்வது எங்களுக்குப் பழகிப் போனது. அந்தத் தளத்துக்குள் இந்தத் தெருக்காரர்கள் வேலைக்குப் போனதுண்டு. புல் வெட்டவும், சாக்கடை வாரவும், கட்டட வேலைக்குச் சித்தாளாகவும். அதிகாரியாகப் போகக்கூடும் என்ற நிலையில் இன்று ஒரு பையன் இருக்கிறான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தம்பி என்றே சொல்வோம்.

தம்பி தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அதாவது புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் என்டிஏவுக்கு, தேர்வு எழுதினான். எழுத்துத் தேர்வில் தேறி, பெங்களூருவில் ஐந்து நாள் எஸ்எஸ்பி நேர்முகத்திலும் பரிந்துரை பெற்று, மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிட்டான். இனி வரவேண்டியது யுபிஎஸ்சியின் இறுதித் தகுதிப் பட்டியல். அது என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. தேர்வு எந்த ஞாயிற்றுக்கிழமை என்று ஓராண்டுக்கு முன்பே நாட்காட்டி போட்டுச் சொல்லும் ஆணையம், முடிவு என்றைக்கு என்று மட்டும் சொல்வதில்லை. 2024ஆம் ஆண்டின் முதல் தேர்வு ஏப்ரலில் நடந்து, எழுத்துத் தேர்வு முடிவு மே மாதம் வந்து, இறுதிப் பட்டியல் அக்டோபர் கடைசியில்தான் வந்தது. ஆறு மாதம்.

இதைப் பற்றி இணையத்தில் தேடினால் அறிவுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. மூச்சுப் பயிற்சி செய், ஓடு, நல்லதை நினை, கைப்பேசியைத் தள்ளி வை. தவறில்லை. ஆனால் அந்த அறிவுரைகளை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது. அப்பாவுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. பெரும்பாலும் அந்த அப்பா இராணுவத்தில் இருந்தவராகவும் இருப்பார். எங்கள் தம்பியின் அப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அம்மா ஸ்பின்னிங் மில்லில். ஆறு மாதம் காத்திருப்பது என்றால் அந்த வீட்டில் ஆறு மாதம் ஒரு கூலி குறைகிறது. அதனால் காத்திருப்பை மனநலப் பிரச்சனையாக மட்டும் பேச எங்களால் முடியவில்லை. முதலில் அது கூலிப் பிரச்சனை. அடுத்தது சான்றிதழ் பிரச்சனை. கடைசியாகத்தான் மனசு. அந்த மனசிலும் சாதி இருக்கிறது.

எஸ்எஸ்பியில் முதல் நாள் ஒரு படிவம் கொடுப்பார்கள். பிஐக்யூ என்பார்கள். பெயர், ஊர், மதம், பட்டியல் சாதியா பழங்குடியா பிற்படுத்தப்பட்டவரா, தாய்மொழி, பெற்றோரின் படிப்பு, தொழில், மாத வருமானம் எல்லாம் நிரப்ப வேண்டும். நேர்முகம் செய்யும் அதிகாரி அதை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார். தந்தையின் தொழில் என்ற கட்டத்துக்கு முன் தம்பி கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தானாம். பக்கத்தில் இருந்த பையன் 'கர்னல்' என்று எழுதிக்கொண்டிருந்தானாம். கடைசியில் உள்ளதை எழுதினான். நேர்முகத்தில் அதிகாரி அதைப் பற்றிக் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார், பரிந்துரையும் கிடைத்தது. ஆனாலும் இந்த மூன்று வாரத்தில் குறைந்தது நான்கு முறை அவன் எங்களிடம் கேட்டுவிட்டான்: "அந்தக் கட்டத்துல வேற ஏதாச்சும் எழுதியிருக்கோணுமோக்கா? மார்க்குல கொறச்சிருப்பாங்களோ?"

இதுதான் நம் பிள்ளைகளின் காத்திருப்பு. மற்றவர்கள் கணக்குப் பாடத்தில் தப்பாகப் போட்ட விடையை நினைத்துத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். நம் பிள்ளை அப்பாவின் தொழிலை நினைத்துத் தொலைக்கிறான். முடிவு தாமதமாகும் ஒவ்வொரு நாளும் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு சந்தேகமாக எழுந்து வருகிறது. நாளை பட்டியலில் பெயர் இல்லை என்றால் மதிப்பெண் தெரியவரும், ஆனால் நேர்முகத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்குக் காரணம் தெரியவராது. மொத்தம் 1800 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 900, எஸ்எஸ்பிக்கு 900. பாதி மதிப்பெண் ஒரு மூடிய அறைக்குள் இருக்கிறது. அந்த அறை நேர்மையானதாகவே இருக்கட்டும். பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு மூடிய அறையை நம்புவது அவ்வளவு எளிதல்ல.

நாங்கள் சமூகவியல் படித்தபோது கிரெய்க் ஜெஃப்ரி என்ற ஆய்வாளர் மீரட் இளைஞர்களைப் பற்றி எழுதிய 'டைம்பாஸ்' என்ற நூலை வாசித்தோம். பட்டம் மேல் பட்டமாகப் படித்துவிட்டு, அரசு வேலைக்காகத் தேநீர்க் கடைகளில் காத்திருக்கும் ஜாட் சாதி இளைஞர்களைப் பற்றியது. நல்ல நூல். ஆனால் அந்த இளைஞர்களுக்குப் பின்னால் கரும்புக் காடு இருந்தது. நிலம் இருப்பவன் காத்திருந்தால் டைம்பாஸ். நிலம் இல்லாதவன் காத்திருந்தால் அன்று மாலையே யாராவது "சும்மாதானே இருக்க, தோட்டத்துக்கு வா" என்று கூப்பிடுவார்கள். எங்கள் தம்பியைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் குரலில் உதவி செய்கிற தோரணை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம் பாட்டிகளிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்த அருந்ததியருக்கு வந்து சேர்ந்த பூமி எத்தனை சென்ட் என்று வருவாய்த்துறை கணக்கெடுத்துச் சொன்னால் தேவலை.

தோழர்கள் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள்: இராணுவத்தில் பட்டியல் சாதிக்கு இடஒதுக்கீடே கிடையாது, படைப்பிரிவுகள் பல இன்றும் சாதி, இனப் பெயர்களில் இருக்கின்றன, குடியரசுத் தலைவரின் மெய்க்காப்புப் படைக்கு ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் என மூன்று பிரிவினரை மட்டும் எடுப்பதாக வழக்கே நடந்தது, அங்கே நம் பிள்ளையை ஏன் அனுப்பத் துடிக்கிறீர்கள்? நியாயமான கேள்வி. 2009இல் தமிழ்நாடு அரசு தந்த, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த அருந்ததியர் உள்ஒதுக்கீடு கடக்வாஸ்லா வாசலில் செல்லாது. தேர்வுக் கட்டணம் இல்லை என்ற ஒரு சலுகையைத் தவிர தம்பிக்கு அங்கே எதுவும் இல்லை. கேள்வித்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.

ஆனால் பாபாசாகேப் ஒரு சுபேதாரின் மகன் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவர் பிறந்த மோவ் ஓர் இராணுவக் குடியிருப்பு. அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்குள் எழுத்து நுழைந்தது பட்டாளத்தின் வழியாக. அந்த வழியைத்தான் ஆங்கிலேயர்கள் 1890களின் தொடக்கத்தில் அடைத்தார்கள். வீர இனம், வீரமற்ற இனம் என்று மனிதர்களைத் தரம் பிரித்து, மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு தயாரித்தார். மகர் ரெஜிமென்ட் உருவானது 1941இல். அதற்காக அம்பேத்கர் அரசிடம் வாதாட வேண்டியிருந்தது. 1943இல் உருவாக்கப்பட்ட சமார் ரெஜிமென்டை 1946இல் கலைத்துவிட்டார்கள். நம் பக்கத்துக் கதையும் வேறல்ல. மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்து பாலம் கட்டினார்கள், பாதை வெட்டினார்கள், போரிட்டார்கள். ஆக, இராணுவத்தின் வாசலில் நின்று பதிலுக்குக் காத்திருப்பது தம்பியோடு தொடங்கியதல்ல. வலங்கர் தயாரித்த மனுவிலிருந்து மகர் ரெஜிமென்ட் வரை நாற்பத்தேழு ஆண்டுகள்.

பத்து வயதிலேயே இந்த வாசலில் நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உடுமலைப்பேட்டை தாண்டி, அமராவதி அணைக்குப் பக்கத்தில், 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. அங்கே பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடம் உண்டு. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு என்றால் ஆங்கிலம்தான். இது நம் தெருக்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்து எழுதிய பிள்ளைகள் முடிவுக்கும், பிறகு இணையவழிக் கலந்தாய்வுச் சுற்றுகளுக்கும், பிறகு மருத்துவப் பரிசோதனைக்கும் காத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு தாய், சைனிக் பள்ளி கிடைத்துவிடும் என்று நம்பி வேறு பள்ளியில் சேர்க்காமலே வைத்திருந்தார். "ரெண்டு எடத்துல சேர்த்துனா அங்க எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்" என்றார். யார் சொன்னார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. ஜூலையில் நாங்கள் போய்க் கேட்டுக்கொண்ட பிறகு பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்டார். தகவல் இல்லாத வீட்டில் காத்திருப்பு இப்படித்தான் படிப்பையே விழுங்கும்.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்?

முதல் காரியம், தம்பியைக் கல்லூரியில் சேர்த்தோம். எஸ்எஸ்பி அழைப்பு வருவதற்கு முன்பே. கோவையில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. கல்லூரியில் சேர்ந்தால் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள், நாளை பட்டாளத்தில் கேட்டால் என்ன செய்வது என்று அவன் அப்பா பயந்தார். பயத்தில் காரணம் இருக்கிறது. அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அதை அச்செடுத்து அவன் கையில் கொடுத்தனுப்பினோம். மாற்றுச் சான்றிதழ் மட்டும் அங்கே இருக்கிறது. சேர்க்கை ஆணை வந்தால் ஒரு கடிதம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். சாதிச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வேறொரு முன்னெழுத்தும் இருந்ததை இந்த இடைவெளியில்தான் சரி செய்தோம். கைக்கு வேலை இருந்தால் மனசு கொஞ்சம் அடங்குகிறது என்பதை அப்போது கண்கூடாகப் பார்த்தோம். தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த அந்தப் பத்து நாளும் தம்பி ஒருமுறைகூட பட்டியலைப் பற்றிக் கேட்கவில்லை. மூச்சுப் பயிற்சிக்குப் பதில் இ-சேவை மையம்!

இரண்டாவது, யுபிஎஸ்சி தளத்தைத் தம்பி பார்ப்பதை நிறுத்தினோம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில், பேருந்தில், இரவு இரண்டு மணிக்கு. இப்போது எங்களில் ஒருவர் மாலை ஏழு மணிக்கு ஒருமுறை பார்த்துச் சொல்கிறோம். வந்துவிட்டால் நாங்களே வீட்டுக்குப் போய்ச் சொல்வோம், தொலைபேசியில் சொல்ல மாட்டோம், எந்த முடிவானாலும் அன்று இரவு அவனோடு இருப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். முதல் வாரம் அவன் திருட்டுத்தனமாகப் பார்த்தான் என்பது எங்களுக்குத் தெரியும். பரவாயில்லை.

மூன்றாவது விஷயத்தில் எங்களுக்குள்ளேயே இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. எஸ்எஸ்பியில் பரிந்துரை கிடைத்ததும் தெரு இளைஞர்கள் பேருந்து நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் வைக்கக் கிளம்பினார்கள். தம்பி படம், பாபாசாகேப் படம், போர் விமானம். நாங்கள் தடுத்தோம். முடிவு வரட்டும் என்றோம். உண்மையான காரணம் அதுவல்ல. அந்த நிறுத்தத்தில் எந்தத் தெருவின் ஃபிளெக்ஸ் எத்தனை நாள் கிழியாமல் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஏற்கெனவே மளிகைக் கடையில் ஒருவர், "என்னடா, துப்பாக்கி எடுத்துட்டு வந்து எங்களத்தான் மொதல்ல சுடுவியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். சுற்றியிருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். எங்களில் சிலர், மறைத்து வைப்பது பழைய அச்சத்துக்குப் பணிவது, வைத்தே தீரவேண்டும் என்கிறோம். சிலர், பதினெட்டு வயதுப் பையனின் தலையில் ஊர் அரசியலை ஏற்ற வேண்டாம் என்கிறோம். அவனையே கேட்டோம். "வேண்டாங்க்கா, வரலீன்னா அதே இடத்துல நின்னு பஸ் ஏறோணும்" என்றான். அதோடு நிறுத்திவிட்டோம்.

தரகர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தம்பியின் மாமாவிடம் ஒருவர், ஐந்து லட்சம் கொடுத்தால் பட்டியலில் மேலே கொண்டுவரலாம் என்று பேசியிருக்கிறார். மாமா நம்பிவிட்டார், வட்டிக்குப் பணம் விசாரித்தும் விட்டார். பட்டியல் மதிப்பெண் வரிசைப்படி வருகிறது, அதை யாராலும் மேலே கீழே நகர்த்த முடியாது. நீளும் ஒவ்வொரு காத்திருப்பையும் வட்டிக்காரரும் தரகரும் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறார்கள். உங்கள் தெருவில் யாராவது இப்படிக் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் தம்பியிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். பட்டியலில் பெயர் வந்தாலே சேர்ந்துவிட்டதாக ஆகாது. காலியிடங்களைவிட அதிகம் பேர் பட்டியலில் இருப்பார்கள். ஒரு தேர்வுக்கு ஏறக்குறைய 400 இடங்கள்தான். தரவரிசையில் பின்னால் இருப்பவர்கள் மீண்டும் ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டும், அது வராமலும் போகலாம். இதைச் சொன்னதும் அவன் முகம் வாடியதைப் பார்த்தோம். ஆனாலும் சொன்னோம். ஏனென்றால் 2022 எங்களுக்கு நினைவிருக்கிறது. கொரோனாவால் நிறுத்தப்பட்ட ஆள்சேர்ப்பில் ஓட்டமும் மருத்துவப் பரிசோதனையும் தேறி, எழுத்துத் தேர்வுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் நாடு முழுவதும் இருந்தார்கள். ஜூன் 14 அன்று அக்னிபத் அறிவிப்பு வந்தது. பழைய ஆள்சேர்ப்பு மொத்தமும் கைவிடப்பட்டது. நான்காண்டு வேலை, அதன் பிறகு அதிகபட்சம் நால்வரில் ஒருவருக்கே நிரந்தரம். காத்திருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. காத்திருந்தவருக்கு வேலை மீது உரிமை உருவாகிவிடவில்லை என்பதே அதன் பொருள். சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்த ஆண்டுகளில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வாய்க்கால் மேட்டில் ஓடிக்கொண்டிருந்த நம் தெருப் பையன்கள் வயது கடந்து இன்று பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறார்கள். அந்த ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது?

எனவேதான் அரசிடம் கேட்கிறோம். எஸ்எஸ்பியில் பரிந்துரை பெற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு முடிவு வரும் வரை மாதம் ஒரு தொகை கொடுங்கள். மாநில ஆதிதிராவிடர் நலத்துறை நினைத்தால் முடியும், அப்படிப்பட்ட பிள்ளைகள் மாநிலத்தில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? நேர்முகத்துக்குப் போய்வரும் ரயில் செலவு முதல்முறை போகிறவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது, ஆனால் முதலில் கையிலிருந்து போட வேண்டும். அந்த முன்பணத்தை எங்கள் மையத்திலிருந்து கொடுத்தோம். எல்லாத் தெருவிலும் மையம் இருக்காது. யுபிஎஸ்சி முடிவு வெளியாகும் வாரத்தையாவது முன்கூட்டிச் சொல்லட்டும். மருத்துவத்தில் ஒதுக்கப்படும் பிள்ளைகளுக்கு மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கில்தான் அவகாசம். அதற்குள் ஒரு பல் மருத்துவரையோ காது மருத்துவரையோ பார்க்கப் பணம் வேண்டும். சத்தில்லாமல் வளர்ந்த உடம்பை அளவுகோல் வைத்து அளந்துவிட்டு, சரி செய்துகொண்டு வா என்றால் எங்கே போவார்கள்?

போன ஆண்டு எங்கள் மையத்திலிருந்து ஒரு தங்கை எஸ்எஸ்பி போனாள். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் பெண்களுக்கு என்டிஏ கதவு திறந்தது. 2022இல் முதல் அணியில் 19 பெண்கள் சேர்ந்தார்கள். 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அந்த அணிவகுப்பு வீடியோவைத் தங்கைதான் மையத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். அவள் எஸ்எஸ்பியில் முதல் நாளே வெளியேற்றப்பட்டு, அன்று இரவு ரயிலில் தனியாகத் திரும்பி வந்தவள். வந்து ஒரு வாரம் வெளியே வரவில்லை. நாங்கள் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதோ சோர்வு என்று விட்டுவிட்டோம். அவள் அம்மா வந்து "புள்ள சாப்புடவே மாட்டேங்குதுங்க" என்று சொன்ன பிறகுதான் போனோம். முடிவுக்குப் பிந்தைய நாட்கள் காத்திருக்கும் நாட்களைவிட மோசமாக இருக்கக்கூடும் என்பதை அவளிடம்தான் கற்றோம். தூக்கமும் சாப்பாடும் நின்றுபோனால் அரசின் 104, டெலி-மானஸ் 14416 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம். அந்த எண்களை இப்போது மையத்தின் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

தங்கை மறுபடியும் எழுதப் போகிறாள். இப்போது மாலையில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனிடமே கணக்குக் கேட்கிறாள். சொல்லிக்கொடுக்கும் ஒரு மணி நேரம் அவன் கைப்பேசியைத் தொடுவதில்லை. இதை எழுதி முடிக்கும்போது மணி ஏழு. தளத்தைத் திறந்து பார்த்தோம். இன்றும் வரவில்லை. தம்பி நிமிர்ந்து பார்த்தான், தலையை ஆட்டினோம். அவன் மறுபடியும் திரிகோணமிதிக்குக் குனிந்துகொண்டான்.